டெபியன் 13-க்கு மாறியபின் இரண்டு சிக்கல்கள்: இது பிழையா, என் கணினியின் கோளாறா?

சுடர்விழி:

வணக்கம். டெபியன் லினக்ஸ் 12-லிருந்து 13-க்கு அப்கிரேடு செய்து முடித்தேன். ஓடும்போது எந்த முரண்டும் பிடிக்கவில்லை, ரீபூட் ஆகி டெஸ்க்டாப்பும் வந்துவிட்டது, அதனால் எல்லாம் சரி என்றுதான் இருந்தேன். இப்போது இரண்டு விஷயம் இடிக்கிறது.

ஒன்று, புகைப்படங்களை ஆல்பமாக அடுக்கி வைக்கும் ஒரு நிரல். ஐகானைச் சொடுக்கினால் ஒரு கணம் கர்சர் சுற்றுகிறது, அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் அமைதி. பிழைச்செய்தி எதுவும் இல்லை. நிரலின் பெயரை இப்போதைக்குச் சொல்லவில்லை, தப்பு யாருடையது என்று தெரிவதற்கு முன்பே அவர்கள் பெயரை இழுத்துவிட வேண்டாமே. டெபியனின் சொந்த ரெப்போவில் (பேக்கேஜ் களஞ்சியத்தில்) இருந்து வந்த பேக்கேஜ்தான், வெளியே எங்கிருந்தும் எடுத்தது இல்லை.

இரண்டு, வீடியோ எடிட்டரில் நீளமான வீடியோவை எக்ஸ்போர்ட் செய்தால் பாதியில் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று நின்றுவிடுகிறது. வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது! 12-ல் இதே கணினியில் இதே அளவு வீடியோக்களை ஒரு தடங்கலும் இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்துகொண்டிருந்தேன்.

பிழை என்று பதிவதாக இருந்தால் எங்கே பதிவது? டெபியனிடமா, நிரலை எழுதியவர்களிடமா? எனக்கு இதில் பழக்கமே இல்லை, விவரம் போதாது என்று ஒரு வரியில் மூடிவிடுவார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. அதுவரை அந்த ஒரு பேக்கேஜை மட்டும் 12-ல் இருந்த பதிப்புக்கே திரும்பக் கொண்டுபோக முடியுமா?


பழைய_கர்னல்:

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது பிழையே இல்லை. டெபியன் 13-ல் தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி ஃபோல்டர் வட்டில் இருப்பதில்லை, ரேமில் இருக்கிறது. டிஎம்பிஎஃப்எஸ் என்பார்கள். நாமாக எதையும் மாற்றாவிட்டால் மொத்த ரேமில் பாதி வரைதான் அதற்கு இடம், அதாவது 8 ஜிபி ரேம் என்றால் 4 ஜிபி. உங்கள் எடிட்டர் எக்ஸ்போர்ட் செய்யும்போது தற்காலிகக் கோப்புகளை அங்கேதான் கொட்டுகிறது என்று நினைக்கிறேன். அந்தப் பாதி நிரம்பியதும் இடமில்லை என்று கத்தும், வட்டு காலியாக இருப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டெர்மினலில் டிஎஃப் மைனஸ் எச் கொடுத்து டிஎம்பி வரியைப் பாருங்கள், நிரம்பிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியும்.

எடிட்டரின் அமைப்புகளில் தற்காலிக ஃபோல்டர் எது என்று கேட்கும் இடம் இருந்தால், அதை உங்கள் ஹோமுக்குள் எங்காவது மாற்றிவிடுங்கள். நான் அதைத்தான் செய்வேன். அப்படி ஓர் இடமே இல்லையென்றால் ரூட்டாக சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டிஎம்பி டாட் மவுன்ட் என்று கொடுத்து ரீபூட் செய்தால் டிஎம்பி பழையபடி வட்டுக்கே வந்துவிடும். இன்னொன்று, அப்கிரேடுக்கு முன் டிஎம்பியில் ஏதாவது போட்டு வைத்திருந்து இப்போது காணோம் என்றால் பதற வேண்டாம், அது புதிய டிஎம்பிஎஃப்எஸ்ஸுக்கு அடியில் மறைந்து கிடக்கும்.

இதெல்லாம் 13-ன் வெளியீட்டுக் குறிப்பில் ஐந்தாம் அத்தியாயத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அந்தக் குறிப்பு முழுவதையும் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது, எனக்கும் இல்லை, ஆனால் அந்த ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் அப்கிரேடுக்கு முன்பே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால் பிழை மாதிரி தெரியும் பல விஷயங்கள் வேண்டுமென்றே செய்த மாற்றங்கள் என்று புரிந்துவிடும்.

முதல் சிக்கலுக்கு, ஐகானை விட்டுவிட்டு டெர்மினலில் நிரலின் பெயரைத் தட்டி ஓட்டுங்கள். ஐகான் வழியாகத் திறந்தால் நிரல் புலம்புவது நம் கண்ணில் படாது. பெயருக்கு முன்னால் எல்சி_ஆல்=சி என்று சேர்த்துக்கொண்டால் செய்தி ஆங்கிலத்திலேயே வரும், அப்படியே எடுத்துத் தேட வசதி. கூடவே ஆப்ட் பாலிசி (ஆப்ட் என்பது டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி), அதற்குப் பக்கத்தில் பேக்கேஜ் பெயர், இதற்கு வரும் வெளியீட்டையும் இங்கே ஒட்டுங்கள். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாக.


தனிவழி:

எதற்கு இந்த மண்டையிடி? ஹோமை பேக்கப் எடுத்துக்கொண்டு 13-ஐப் புதிதாக நிறுவுங்கள், ஹோமைத் திரும்பப் போடுங்கள், வேலை முடிந்தது. நான் எப்போதும் அப்படித்தான். பதிப்பு விட்டுப் பதிப்பு அப்கிரேடு என்பதையே நான் நம்புவதில்லை.


பழைய_கர்னல்:

தனிவழி, ஹோமைத் திரும்பப் போட்டால் ஹோமுக்குள் இருக்கும் கோளாறும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். காரணம் டாட் கான்ஃபிக், டாட் லோக்கல் ஃபோல்டர்களில் இருந்தால் புதிய நிறுவலிலும் அதே கதைதான், இடையில் ஒரு நாள் வேலை தண்டம். காரணம் வெளியே எங்காவது இருந்தால் எல்லாவற்றையும் துடைத்தபின் அது என்னவாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது, அடுத்த அப்கிரேடில் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்போம். முதலில் செய்தி என்ன சொல்கிறது என்று பார்க்கலாம்.


சுடர்விழி:

பழைய_கர்னல் அண்ணா, வீடியோ சிக்கல் தீர்ந்தது, நீங்கள் சொன்னதேதான். தற்காலிக ஃபோல்டரை ஹோமுக்குள் மாற்றினேன், முழுதாக எக்ஸ்போர்ட் ஆகிறது. மிக்க நன்றி.

புகைப்பட நிரலை டெர்மினலில் ஓட்டினால் ஒரே ஒரு வரி வருகிறது. சிம்பல் லுக்கப் எரர், அதற்குப் பிறகு யூஎஸ்ஆர் லோக்கல் லிப் என்ற பாதையில் ஒரு லைப்ரரியின் பெயர், அதற்குப் பிறகு அன்டிஃபைன்டு சிம்பல் என்று போட்டு நீளமாக ஏதோ ஒன்று. ஆப்ட் பாலிசியில் நிறுவியிருப்பதும் கிடைப்பதும் ஒரே பதிப்புதான், டிரிக்ஸி மெயின், அதாவது 13-ன் ரெப்போ, என்று காட்டுகிறது.


இணைப்பான்:

அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. யூஎஸ்ஆர் லோக்கல் என்ற இடத்தில் டெபியனின் பேக்கேஜ்கள் கோப்பு எதையும் வைக்கக் கூடாது, அது அவர்களுடைய பாலிசியில் எழுதப்பட்ட விதி. அந்த இடம் கணினியின் சொந்தக்காரருக்கானது. அங்கே ஒரு லைப்ரரி இருக்கிறது என்றால் எப்போதோ யாரோ மூலநிரலில் இருந்து மேக் இன்ஸ்டால் செய்திருக்கிறார்கள், அல்லது வேறு ஏதோ ஒன்றின் நிறுவல் ஸ்கிரிப்ட் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

நடப்பது இதுதான். நிரல் தொடங்கும்போது லோடர் அதற்கு வேண்டிய லைப்ரரிகளைத் தேடும். எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்பது ஈடிசி-க்குள் இருக்கும் எல்டி டாட் எஸ்ஓ டாட் கான்ஃப் டாட் டி என்ற ஃபோல்டரில் உள்ள கோப்புகளில் இருக்கிறது. அந்தக் கோப்புகள் அகரவரிசையில் படிக்கப்படுகின்றன. டெபியனில் யூஎஸ்ஆர் லோக்கல் லிப்பைச் சொல்லும் கோப்பின் பெயர் லிப்சி டாட் கான்ஃப், எல் எழுத்தில் தொடங்குகிறது. உண்மையான சிஸ்டம் லைப்ரரிகள் இருக்கும் இடத்தைச் சொல்லும் கோப்பு எக்ஸ்86_64 என்று எக்ஸில் தொடங்குகிறது. ஆகவே ஒரே பெயரில் இரண்டு லைப்ரரி இருந்தால் லோக்கலில் இருப்பதுதான் ஜெயிக்கும். 12-ல் இருந்த மற்ற லைப்ரரிகள் அந்தப் பழைய லைப்ரரி கேட்ட ஃபங்ஷன்களை எல்லாம் கொடுத்தன, அதனால் இத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் ஓடியிருக்கிறது. 13-ல் மற்ற லைப்ரரிகள் மாறிவிட்டன, பழையது கேட்கும் ஒரு ஃபங்ஷன் இப்போது எதிலும் இல்லை, கதை முடிந்தது. ஆப்ட் எச்சரிக்கவில்லையே என்று கேட்டால், தன் பட்டியலில் இல்லாத கோப்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

எல்டிடி கட்டளைக்கு நிரலின் முழுப் பாதையைக் கொடுத்தால் எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று பட்டியல் வரும், அதில் யூஎஸ்ஆர் லோக்கல் என்று வரும் வரிகளை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். டிபிகேஜி மைனஸ் எஸ் (பெரிய எழுத்து எஸ்) கொடுத்து அந்தக் கோப்பின் பாதையைச் சேர்த்தால் எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை என்று சொல்லும், அதுவே உறுதி. அப்புறம் அவற்றை அழிக்காமல் வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு, ரூட்டாக எல்டிகான்ஃபிக் ஒருமுறை ஓட்டுங்கள். அதையே நம்பி வேறு ஏதாவது நிரல் இருந்தால் அது கத்தும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். எல்டி_லைப்ரரி_பாத் என்று ஏதாவது உங்கள் பேஷ்ஆர்சி-யில் எழுதியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பைத்தானிலும் இதே மாதிரியான எச்சங்கள் உண்டு. 12-ல் பைத்தான் 3.11, 13-ல் 3.13. பழைய விர்ச்சுவல் என்வ் (பைத்தான் நிரல்களுக்கான தனிச் சூழல்) எல்லாம் 3.11-ஐத்தான் தேடும், அவற்றைச் சரிசெய்ய முயலாமல் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவதே சுலபம். வெளியே இருந்து டவுன்லோடு செய்து போட்ட டெப் கோப்புகள் இருந்தால் அவையும் தகராறு செய்யும்: 12-ல் இருக்கும் லைப்ரரி லிப்ஐசியூ72, 13-ல் லிப்ஐசியூ76, பழையதையே கேட்கும் பேக்கேஜ் 13-ன் ரெப்போவை மட்டும் வைத்துக்கொண்டு நிறுவ வராது. ஆப்ட் லிஸ்ட் என்று தட்டி, பக்கத்தில் மேற்கோளுக்குள் டில்டே குறியும் ஓ எழுத்தும் கொடுத்தால் எந்த ரெப்போவிலும் இப்போது இல்லாத பேக்கேஜ்கள் எல்லாம் வரிசையாக வரும். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் யாரும் பிழை பதியவே கூடாது என்பது என் கட்சி.


சுடர்விழி:

இணைப்பான், நீங்கள் சொன்னபடி இரண்டு லைப்ரரிகளை நகர்த்தினேன், நிரல் திறக்கிறது! எவ்வளவோ காலத்துக்கு முன் ஒரு ஸ்கேனருக்காகச் செய்த வேலையின் மிச்சம் போலிருக்கிறது.

ஆனால் அதோடு முடியவில்லை. நிரல் திறந்து, என் பழைய ஆல்பத் தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றுகிறேன் என்று ஒரு பட்டை ஓடுகிறது, முக்கால்வாசியில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று செத்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் திறந்தால் ஒழுங்காக ஓடுகிறது, புதிய ஆல்பமும் உருவாகிறது. எல்டிடி-யில் இப்போது லோக்கல் எதுவும் இல்லை. டிபிகேஜி மைனஸ் வி (பெரிய எழுத்து வி) கொடுத்து பேக்கேஜைச் சரிபார்த்தேன், ஒன்றும் வரவில்லை, அப்படியென்றால் கோப்புகள் சரி என்று அர்த்தம் தானே?

இது பிழைதானா, அல்லது என் தரவுத்தளம் கெட்டுப்போயிருக்கிறதா?


பொதிகாவலர்:

இதைப் பிழை என்றே பதியலாம். தரவுத்தளம் கெட்டிருந்தாலும் கூட, அதைப் படிக்கும் நிரல் "படிக்க முடியவில்லை" என்று சொல்ல வேண்டுமே தவிர செக்ஃபால்ட் ஆகக் கூடாது. நான் டெபியனில் சில பேக்கேஜ்களைக் கவனித்துக்கொள்பவன், பிழைப் பதிவுகளை வாங்கும் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இனி அந்த நிரலைத் திறக்காதீர்கள், முதலில் தரவுத்தளக் கோப்பை நகல் எடுங்கள். பாதி மாறிய தரவுத்தளத்தின் மேல் மறுபடி மறுபடி மாற்றத்தை ஓட்டினால் என்ன ஆகும் என்று எழுதியவருக்கே தெரியாது. அப்கிரேடுக்கு முந்தைய பேக்கப் இருந்தால் அதுதான் உங்கள் மூலப்பிரதி, அதைத் தொடவே தொடாதீர்கள், சோதனை எல்லாம் நகலில்.

அடுத்து, பழைய பதிப்பு எண் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். "12-ல் வேலை செய்தது" என்பதை விட "இந்தப் பதிப்பில் வேலை செய்தது, இந்தப் பதிப்பில் செய்யவில்லை" என்பது நூறு மடங்கு உபயோகம். வார், லாக், ஆப்ட் ஃபோல்டருக்குள் ஹிஸ்டரி டாட் லாக் இருக்கிறது, அப்கிரேடு நாளில் எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பில் இருந்து எதற்குப் போனது என்று வரிக்கு வரி இருக்கும். மாதம் மாறினால் அது சுருக்கப்பட்டு வேறு பெயருக்குப் போய்விடும், இசட்கேட் கொண்டு படிக்கலாம். பக்கத்திலேயே டெர்ம் டாட் லாக், அப்கிரேடு ஓடும்போது திரையில் ஓடியது அத்தனையும் அதில் இருக்கும்.

அடுத்து பேக்டிரேஸ், அதாவது நிரல் சாகும்போது எந்தெந்த ஃபங்ஷனுக்குள் இருந்தது என்ற பட்டியல். இது இல்லாமல் செக்ஃபால்ட் பிழையைப் பதிந்தால் முதல் பதில் இதைக் கேட்டுத்தான் வரும். செத்த நிரலின் நிலையைச் சேமித்து வைக்கும் சிஸ்டம்டி கோர்டம்ப் என்ற பேக்கேஜ் டெபியனில் தானாக வராது, நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவியபின் நிரலை நகல் தரவுத்தளத்தோடு ஒருமுறை சாகவிடுங்கள். பிறகு கோர்டம்ப்சிடிஎல் ஜிடிபி என்று கொடுத்தால் பிழைதேடும் கருவியான ஜிடிபிக்குள் போவீர்கள். டீபக்இன்ஃபோடி-யை இயக்கி வைத்திருந்தால் டீபக் விவரங்களைத் தேவைப்படும்போது அதுவே இறக்கிக்கொள்ளும், தனியாக டிபிஜிசிம் பேக்கேஜ்களைத் தேடி அலைய வேண்டாம். உள்ளே போனதும் த்ரெட் அப்ளை ஆல் பிடி ஃபுல். வருவது எவ்வளவு நீளமாக இருந்தாலும் வெட்டாமல் கோப்பாகச் சேமியுங்கள். கேள்விக்குறிகள் மட்டுமே வரிசையாக வந்தால் டீபக் விவரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம், அதை அனுப்பிப் பயனில்லை. ஃபுல் என்று கொடுத்தால் மாறிகளின் மதிப்புகளும் வரும், அதில் உங்கள் ஃபோல்டர் பெயர்களோ வேறு தனிப்பட்ட விஷயமோ இருக்கலாம், அனுப்பும் முன் கண்ணோட்டுங்கள்.

இப்போது முக்கியமான இடம். உங்கள் முழு ஆல்பத் தரவுத்தளத்தை எங்கேயும் இணைக்காதீர்கள். டெபியனின் பிழைப் பதிவுகள் எல்லாம் பொதுவெளி, அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரி உட்பட யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பிறகு எடுத்துவிடு என்று கேட்டால் நடக்காது. இதற்கென்று தனி முகவரி வைத்துக்கொள்வது நல்லது. தரவுத்தளத்துக்குப் பதிலாக, அதே சாவை வரவழைக்கும் மிகச் சிறிய ஒன்றை உருவாக்க வேண்டும். டெபூட்ஸ்ட்ராப் கொண்டோ கன்டெய்னர் (கணினிக்குள் தனியாக ஓடும் இன்னொரு சிஸ்டம்) ஒன்றிலோ டெபியன் 12-ஐ எழுப்பி, பழைய பதிப்பை நிறுவி, அதில் சில படங்களை மட்டும் போட்டு ஆல்பம் உருவாக்குங்கள். அந்தத் தரவுத்தளத்தை 13-ல் திறந்து பாருங்கள். சாகவில்லையா, உங்கள் உண்மையான ஆல்பத்தில் என்ன வித்தியாசமாக இருக்கிறது என்று யோசியுங்கள்: எடுத்த தேதியே இல்லாத ஸ்கேன் செய்த படங்கள், அழிந்துபோன கோப்பைச் சுட்டும் பதிவு, காலியாக விட்ட குறிச்சொல், இப்படி. பட்டை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது என்கிறீர்கள், அது நல்ல செய்தி, ஏதோ ஒரு குறிப்பிட்ட பதிவுதான் காரணம். தரவுத்தளம் எஸ்க்யூலைட் என்றால் நகலில் பாதிப் பதிவுகளை அழித்து ஓட்டிப் பாருங்கள், சாகிறதா இல்லையா என்பதை வைத்து எந்தப் பாதியில் இருக்கிறது என்று தெரியும், பிறகு அதில் பாதி.

யாரிடம் பதிவது என்று கேட்டீர்கள். டெபியன் ரெப்போவில் இருந்து நிறுவிய பேக்கேஜ் என்றால் முதலில் டெபியனிடம். டெபியனின் பேக்கேஜில் மூலநிரல் அப்படியே இருப்பதில்லை, அதன் மேல் டெபியன் போட்ட ஒட்டுகள் (பேட்ச்) இருக்கலாம். 2006-ல் டெபியன் ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் மட்டும் செய்த ஒரு மாற்றம், வால்கிரைண்டு கருவி தந்த எச்சரிக்கையை நிறுத்துவதற்காகச் செய்தது, சாவிகளை உருவாக்கும் சீரற்ற எண்களையே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. 2008 மே மாதத்தில்தான் வெளியே தெரிந்தது, அந்த இடைப்பட்ட காலத்தில் உருவாக்கிய சாவிகளை எல்லாம் தூக்கிப்போட வேண்டி வந்தது. மூல ஓபன்எஸ்எஸ்எல்லில் அந்தப் பிழை கிடையாது, அவர்களிடம் போய்ப் பதிந்திருந்தால் எங்களிடம் அப்படி வரவில்லையே என்றுதான் சொல்லியிருப்பார்கள். மூல நிரலின் புதிய பதிப்பிலும் இதே பிழை இருக்கிறது என்று உங்களால் சோதித்துக் காட்ட முடிந்தால் நேரே மூலத் திட்டத்திடமே பதியலாம், அப்போதும் டெபியனில் ஒன்று பதிந்து அங்கே பதிந்ததின் இணைப்பைக் கொடுத்துவிடுங்கள்.

பதிவதற்கு ரிப்போர்ட்பக் என்ற நிரலைப் பயன்படுத்துங்கள். அது பேக்கேஜ் பதிப்பு, கர்னல், சார்ந்திருக்கும் லைப்ரரிகளின் பதிப்புகள் எல்லாவற்றையும் தானே சேர்த்துவிடும், ஏற்கெனவே பதிந்த பிழைகளையும் காட்டும். அந்தப் பட்டியலை ஆற அமரப் படியுங்கள், உங்களுடையதே இருந்தால் புதிதாகத் திறக்காமல் அதிலேயே உங்கள் விவரத்தைச் சேருங்கள். கடுமை என்ன என்று கேட்கும்போது எல்லோரும் கிரேவ் என்று போடுகிறார்கள், அவரவர் வலி அவரவருக்கு. கிரேவ் என்றால் பேக்கேஜையே பெரும்பாலும் பயன்படுத்த முடியவில்லை, அல்லது தரவு இழப்பு, அல்லது பாதுகாப்பு ஓட்டை. இம்பார்டன்ட் என்றால் பயன்பாட்டைப் பெரிதும் பாதிக்கிறது, ஆனால் எல்லோருக்கும் முற்றிலும் முடங்கவில்லை. புதிய பயனரில் ஓடுகிறது என்பதால் உங்களுடையது இம்பார்டன்ட். ஆனால் நிரல் செத்தபின் உங்கள் மூலத் தரவுத்தளம் பழைய பதிப்பிலும் திறக்க முடியாதபடி கெட்டுப்போகிறது என்றால் அது தரவு இழப்பு, அப்போது கிரேவ் என்று தாராளமாகப் போடலாம். அதை 12 கன்டெய்னரில் சோதித்துவிட்டுப் பதியுங்கள்.

கடைசியாக, பழைய பதிப்புக்கே திரும்புவது. ஸ்னாப்ஷாட் டாட் டெபியன் டாட் ஆர்க்கில் பழைய பேக்கேஜ்கள் எல்லாம் இருக்கின்றன, எந்தப் பதிப்பில் பிழை நுழைந்தது என்று தேட அருமையான இடம், ஆனால் அன்றாடக் கணினியில் பதிப்பைக் கீழே இறக்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. ஆப்ட்டின் உலகில் எண் ஏற வேண்டும், இறங்கக் கூடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் (கோப்புகளைச் சுருக்கும் அந்த நிரலுக்குள் ரகசியக் கதவு ஒன்றை வைத்தது) வெடித்தபோது டெபியனே பழைய பதிப்புக்கு எப்படித் திரும்பியது தெரியுமா? 5.6.1+ரியலி5.4.5 என்று ஒரு பதிப்பு எண் கொடுத்து வெளியிட்டார்கள். பெயரில் 5.6.1, உள்ளே இருப்பது 5.4.5. அந்த விவகாரம் வெளியே வந்ததும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராயிண்டு என்ற டெவலப்பர் விடாமல் தோண்டியதால்தான். சின்ன அறிகுறி என்று நீங்களாக எதையும் விட்டுவிடாதீர்கள், பார்த்ததை எல்லாம் எழுதுங்கள், தேவையில்லாததை நாங்கள் ஒதுக்கிக்கொள்கிறோம்.


மலையேறி:

டெபியன்காரர்கள் கூட்டத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும், வேறு டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் வகையில்) இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்காக.

ஃபெடோராவில் டிஎன்எஃப் ஹிஸ்டரி என்று தட்டினால் பரிவர்த்தனை எல்லாம் எண்ணோடு வரும், பழைய ஆர்பிஎம் கிடைக்கும்வரை டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டு கொடுத்து ஒன்றைத் திருப்பவும் முடியும் (பதிப்பு விட்டுப் பதிப்பு தாவிய அப்கிரேடை இப்படித் திருப்பலாம் என்று கனவு காணாதீர்கள்). ஆர்பிஎம் மைனஸ் விஏ, டிபிகேஜி மைனஸ் வி-யின் வேலையைச் செய்யும். அப்கிரேடுக்குப் பின் ஆர்பிஎம்நியூ, ஆர்பிஎம்சேவ் என்று முடியும் கோப்புகளைத் தேடுங்கள், நீங்கள் கைவைத்த கான்ஃபிக் கோப்பும் புதியதும் ஒத்துப்போகாத இடங்கள் அவை. டெபியனில் அதே விஷயம் டிபிகேஜி-டிஸ்ட், டிபிகேஜி-ஓல்டு என்று இருக்கும், ஆர்ச்சில் பேக்நியூ. சேவை எதுவும் தொடங்க மறுத்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், ஏனென்றால் புதிய பதிப்பு தூக்கிவிட்ட ஒரு அமைப்பு வரி பழைய கான்ஃபிக்கில் அப்படியே இருக்கும், நிரல் அதைப் பார்த்து முறைக்கும்.

ஆர்ச்சில் இன்னும் ஒன்று. பேக்மேன் மைனஸ் எஸ்வை மட்டும் கொடுத்துவிட்டு ஒரு பேக்கேஜை நிறுவுவது பாதி அப்கிரேடு, அதை அவர்கள் ஆதரிப்பதில்லை, அப்படிச் செய்து வந்த பிழையைப் பதிந்தால் எஸ்வையூ ஓட்டிவிட்டு வா என்பார்கள். உபுண்டுவில் உபுண்டு-பக் என்ற கட்டளை, அவர்கள் பிழைகளைப் பதியும் தளமான லாஞ்ச்பேடுக்குக் கூட்டிப்போகும். பிபிஏ-வில் (தனிநபர் ரெப்போவில்) இருந்து வந்த பேக்கேஜ் என்றால் இது எங்களுடையது இல்லை என்று அதுவே சொல்லிவிடும், திட்ட வேண்டாம், அது சொல்வது சரிதான்.


தனிவழி:

பொதிகாவலர் எழுதியதைப் படித்தபின்னும் புதிதாக நிறுவுவதே சுலபம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் இந்தச் சிக்கலில் அது உதவியிருக்காது என்று ஒப்புக்கொள்கிறேன். தரவுத்தளம் ஹோமுக்குள் இருக்கிறதே.


சுடர்விழி:

கொஞ்சம் தாமதம், மன்னிக்கவும். கன்டெய்னரில் 12-ஐ எழுப்பி, பழைய பதிப்பில் ஆல்பம் உருவாக்கி, பாதிப் பாதியாக வெட்டும் வேலை இழுத்துவிட்டது. பொதிகாவலர் ஊகித்ததில் ஒன்றுதான்: எடுத்த தேதி இல்லாத படம். ஆனால் தேதி இல்லாத படம் மட்டும் போதாது, அதை ஒரு ஆல்பத்தின் முகப்புப் படமாகவும் வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் சாகிறது. ஒரே ஒரு ஆல்பம், ஒரே ஒரு வெற்று வெள்ளைப் படம், இவ்வளவு வைத்துக்கொண்டு பிழையை வரவழைக்க முடிந்தது. பேக்டிரேஸிலும் தேதியை ஒப்பிடும் ஃபங்ஷனில்தான் நிற்கிறது.

செத்தபின் அந்தத் தரவுத்தளத்தை 12-ல் திறந்தேன், முழுதாகத் திறக்கிறது, எதுவும் போகவில்லை. அதனால் இம்பார்டன்ட் என்றே பதிந்தேன். ரிப்போர்ட்பக் காட்டிய பட்டியலில் இது இல்லை. மூலத் திட்டத்தின் பக்கத்திலும் தேடினேன், அங்கேயும் இல்லை, அவர்களுடைய மிகப் புதிய பதிப்பை மட்டும் சோதிக்கவில்லை.

பராமரிப்பாளரிடம் இருந்து பதில் வந்துவிட்டது. மோர்இன்ஃபோ என்று ஒரு குறிச்சொல் போட்டு, டெபியன் அன்ஸ்டேபிளில் (அடுத்த வெளியீட்டுக்கான வளர்ச்சிக் கிளையில்) இருக்கும் பதிப்பிலும் இது நடக்கிறதா என்று கேட்டிருக்கிறார். மோர்இன்ஃபோ என்றால் மூடப்போகிறார்கள் என்று அர்த்தமா?


பொதிகாவலர்:

இல்லை இல்லை, உங்கள் கையில் பந்து இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பதிலே போடாமல் மாதக்கணக்கில் விட்டால்தான் மூடுவார்கள். 12-க்குச் செய்தது போலவே அன்ஸ்டேபிளுக்கு ஒரு கன்டெய்னர், உங்கள் ஒற்றைப் பட ஆல்பம், ஐந்து நிமிட வேலை. பதில் எழுதும்போது பிழை எண்ணைக் கொண்ட முகவரிக்கே அனுப்புங்கள், பராமரிப்பாளரின் சொந்த முகவரிக்கு மட்டும் அனுப்பினால் பதிவில் சேராது.

அன்ஸ்டேபிளில் சாகவில்லை என்றால் எங்கேயோ ஏற்கெனவே திருத்திவிட்டார்கள், அந்தத் திருத்தத்தை 13-க்கு எடுத்துவர முடியுமா என்று நீங்களே கேளுங்கள். 13 போல வெளிவந்துவிட்ட ஸ்டேபிளுக்கு எல்லாத் திருத்தமும் வராது, இம்பார்டன்ட் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அன்ஸ்டேபிளில் முதலில் சரியாகியிருக்க வேண்டும், மாற்றம் சிறியதாக இருக்க வேண்டும். இவை சரியாக அமைந்தால் அடுத்து வரும் பாயின்ட் ரிலீஸ் (திருத்தங்களைச் சேர்த்த சிறு வெளியீடு) ஒன்றில் வரலாம். அங்கேயும் செத்தால் மூலத் திட்டத்தின் மிகப் புதிய பதிப்பில் பார்த்துவிட்டு அவர்களிடமும் பதியுங்கள், இவ்வளவு சிறிய மாதிரி கையில் இருக்கும்போது யாரும் தட்ட மாட்டார்கள்.

அதுவரைக்கும், 12 கன்டெய்னரில் உங்கள் உண்மையான ஆல்பத்தின் நகலைத் திறந்து, அந்த முகப்புப் படங்களை மட்டும் தேதி உள்ள வேறு படங்களாக மாற்றிவிட்டு 13-க்குக் கொண்டுவாருங்கள், மாற்றம் முழுதாக ஓடிவிடும். அந்த மாற்றுவழியையும் பிழைப் பதிவில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.


சுடர்விழி:

அன்ஸ்டேபிளிலும் சாகிறது. மூலத் திட்டத்தின் புதிய பதிப்பிலும்தான். இரண்டு இடத்திலும் எழுதியாயிற்று, இணைப்புகளையும் கொடுத்துவிட்டேன், டெபியன் பக்கத்தில் அப்ஸ்ட்ரீம் (பிழை மூலத் திட்டத்தில் இருக்கிறது) என்ற குறிச்சொல்லும் விழுந்துவிட்டது. முகப்புப் படங்களை மாற்றியபின் என் ஆல்பம் 13-ல் முழுதாகத் திறக்கிறது.